பவாரியா சிலை யாருடையது? லுட்விக் ஷ்வாந்தாலரும் அவருடைய பட்டறையும்

உளிச்சத்தம் (இழையைத் தொடங்கியவர்)

19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சிற்பிகள் என்று பேச்சு வந்தாலே ஷாடோ, ரௌக், ரீட்ஷெல் என்று பெர்லின், டிரெஸ்டன் வரிசையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மியூனிக்கின் லுட்விக் ஃபான் ஷ்வாந்தாலரை, "ராஜா கேட்டதையெல்லாம் செய்து கொடுத்த பட்டறை முதலாளி" என்று ஒரே வரியில் ஓரங்கட்டிவிடுகிறார்கள். மியூனிக்கில் பவேரிய நாட்டைப் பெண்ணாக உருவகித்து நிற்கும் பவாரியா என்ற பெருஞ்சிலைக்குப் பின்னால் இருப்பவர் அவர். எனக்கு இது நெடுநாள் மனக்குறை. அதனால் இந்த இழை.

முதலில் ஆளைப் பற்றி. 1802 ஆகஸ்ட் 26 அன்று மியூனிக்கில் பிறந்தார். சிற்பம் பரம்பரைத் தொழில். ஷ்வாந்தாலர்கள் மேல் ஆஸ்திரியாவின் ரீட் என்ற ஊரில் பல தலைமுறையாகக் கோயில் சிற்பம் செதுக்கி வந்தவர்கள். அப்பா ஃபிரான்ஸ் யாகோப் மியூனிக்குக்குக் குடிபெயர்ந்து அங்கே பட்டறை வைத்தார். பையனுக்கோ ஓவியத்தில்தான் ஆசை, மியூனிக் கலை அகாடமியில் சேர்ந்ததும் அதற்குத்தான். 1820இல் அப்பா இறந்துபோக, பதினெட்டு வயதில் பட்டறைப் பொறுப்பு தலையில் விழுந்தது. பெரியப்பா சித்தப்பா வழி அண்ணன் ஃபிரான்ஸ் சேவரும் உடன் நின்றார். இந்த அண்ணன் கடைசி வரைக்கும் பட்டறையில் இருந்தவர், அவரை மறந்துவிட வேண்டாம்.

1824இல் மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசேஃப் ஒரு வெள்ளி மேசை அலங்காரத்துக்கு வேலை கொடுத்தார். கிரேக்கத் தெய்வங்கள் வரிசையாக வரும் நீண்ட புடைப்புச் சிற்பம். அடுத்த ஆண்டே மன்னர் காலமாகிவிட, வேலை பாதியில் நின்றது. ஆனால் பையனின் கை எப்படிப்பட்டது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து வந்த முதலாம் லுட்விக், கட்டடமும் சிலையுமாக மியூனிக்கையே மாற்றிக் காட்ட வேண்டும் என்று வெறியோடு இருந்தவர். அவருக்கு ஷ்வாந்தாலர் கிடைத்தார். ரோமுக்கு 1826இல் ஒரு முறை, 1832 முதல் 1834 வரை இன்னொரு முறை அனுப்பி வைத்தார். அங்கே டேனிஷ் சிற்பி தோர்வால்ட்சனின் நட்பு கிடைத்தது. 1835இல் அகாடமியில் பேராசிரியர் ஆனார்.

அதற்கப்புறம் பதின்மூன்றே ஆண்டுகளில் அவர் பட்டறையிலிருந்து வெளிவந்தவற்றைப் பாருங்கள். ரேகன்ஸ்பூர்க் பக்கத்தில் டான்யூப் கரையில் நிற்கும் வால்ஹல்லா என்ற ஜெர்மன் பெருமக்கள் நினைவுமண்டபத்தின் முகப்பு முக்கோணச் சிற்பங்கள், மியூனிக் அரண்மனைச் சிம்மாசன மண்டபத்துக்கான பன்னிரண்டு பொன்முலாம் பூசிய விட்டெல்ஸ்பாக் (பவேரிய அரச குடும்பம்) முன்னோர்கள், பைராய்ட்டில் எழுத்தாளர் ஜான் பால் (1841), சால்ஸ்பூர்க்கில் மொஸார்ட் (1842), ஃபிராங்க்ஃபர்ட்டில் கதே (1844), மியூனிக்கின் ஃபெல்ட்ஹெர்ன்ஹாலெயில் (தளபதிகள் மண்டபம்) டில்லி, வ்ரேடே என்ற இரண்டு தளபதிகள் (1844), வியன்னாவின் ஃபிரையுங் சதுக்கத்தில் ஆஸ்திரியா நீரூற்று (1846). இத்தனைக்கும் மேலே பவாரியா: 18.52 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட 87 டன் வெண்கலம். பழங்காலத்துக்குப் பிறகு இந்த அளவில் முழுக்க வார்த்து எழுப்பப்பட்ட முதல் பெருஞ்சிலை அதுதான்.

அவர் அதை முழுதாகப் பார்க்கவில்லை. 1848 நவம்பர் 14 அன்று 46 வயதில் இறந்துவிட்டார். திறப்பு விழா 1850 அக்டோபர் 9. சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூட்டுவாதம் அவருடைய கைகளை முடக்கியிருந்தது.

என் கேள்வி இதுதான்: கட்டடக் கலைஞர் லியோ ஃபான் கிளென்சே முதலில் வரைந்தார், ஷ்வாந்தாலர் வடிவம் கொடுத்தார், உதவியாளர்கள் பிளாஸ்டரில் ஏற்றினார்கள், ஃபெர்டினாண்ட் மில்லர் வார்த்தார், ராஜா பணம் கொடுத்தார். இதை ஷ்வாந்தாலரின் சிலை என்று சொல்வது சரிதானா? சரி என்பதே என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

---

நூலகப்பூனை

நண்பரே, நல்ல இழை. ஆனால் நான் எதிர்க்கட்சி.

நீங்கள் பெருமையாகக் கொடுத்த பட்டியலையே நான் குற்றச்சாட்டாக வைக்கிறேன். பதின்மூன்று ஆண்டுகளில் இத்தனை வேலை என்றால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும்? பெர்லினில் ரௌக் 1811இல் பிரஷ்ய ராணி லூயிஸின் கல்லறைச் சிற்பத்தைத் தொடங்கி முடிக்க ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டார். சார்லட்டன்பூர்க் நினைவுமண்டபத்தில் அந்த ராணி உறங்குகிற மாதிரியே படுத்திருப்பார். மெல்லிய துணி, குறுக்காகப் போட்ட கால்கள், பக்கவாட்டில் சாய்ந்த தலை. ரௌக் அந்த ராணியின் அரண்மனையில் பணியாளாக இருந்தவர், முகத்தை நேரில் பார்த்துப் பழகியவர். அந்த நெருக்கம் கல்லில் தெரிகிறது.

ஷ்வாந்தாலரின் மொஸார்ட்டில் அந்த நெருக்கம் எங்கே? அது யாருடைய முகமாகவும் இருக்கலாம். ஒரு பெரிய போர்வையைச் சுற்றி, கையில் எழுதுகோலும் தாளும் கொடுத்து, கண்ணை மேலே பார்க்க வைத்தால் இசைமேதை ஆகிவிடுமா? அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

அவரிடம் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. வேலை வாங்கிக்கொண்டே போனார், பட்டறை செய்துகொண்டே போனது, தரம் நீர்த்துப்போனது. அவ்வளவுதான்.

---

செவ்வந்தி

வணக்கம். நான் நுண்கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சிற்ப வரலாறு பாடத்துக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு அடிப்படைச் சந்தேகம். 18 மீட்டர் சிலையை எப்படி வார்ப்பார்கள்? ஒரே வார்ப்பாக இருக்க முடியாது இல்லையா? மாதிரியைச் சின்னதாகச் செய்து அப்புறம் பெரிதாக்குவார்களா? அப்படிப் பெரிதாக்கும்போது சிற்பியின் கை அதில் எவ்வளவு மிஞ்சும்?

---

பழைய_வார்ப்பர்

செவ்வந்தி, நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. நான் வார்ப்படத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன். கலை விமர்சனம் எனக்கு வராது, உலோகம் வரும். பவாரியா கதையில் எங்கள் தொழில்காரனுக்கு மயிர்க்கூச்செறிகிற இடங்கள் இருக்கின்றன.

சிறிய மாதிரியிலிருந்து ஆரம்பித்தார்கள், அது உண்மை. ஆனால் அதோடு நிற்கவில்லை. வார்ப்படச்சாலை வளாகத்திலேயே உயரமான மரக்கூடம் ஒன்றைக் கட்டி, அதற்குள் முழு அளவில் பிளாஸ்டர் மாதிரியை எழுப்பினார்கள். ஷ்வாந்தாலர் உடம்பு முடியாத நிலையிலும் அதைத் தன் கண் பார்வையில் வைத்திருந்தார். பெரிதாக்கும்போது அளவுகளை அப்படியே பெருக்கிக்கொண்டே போனால் வேலைக்கு ஆகாது. கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு நெற்றி சின்னதாகவும் மோவாய் பெரிதாகவும் தெரியும். அதையெல்லாம் முழு அளவில் வைத்துத்தான் திருத்த முடியும். அப்புறம் அந்தப் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் மண் அச்சு எடுத்து, உள்ளே கரு வைத்து வார்த்தார்கள். நடுவில் கரு இல்லாவிட்டால் சிலை கெட்டியாகிவிடும். 87 டன் என்பது உள்ளே கூடாக இருப்பதால் வந்த எடை.

மன்னர், கிளென்சே, ஷ்வாந்தாலர், அப்புறம் வார்ப்படச்சாலைத் தலைவர் யோஹான் பாப்டிஸ்ட் ஷ்டிகல்மையர், அவருடைய மருமகன் (சகோதரி மகன்) ஃபெர்டினாண்ட் மில்லர், இவர்களுக்குள் 1837 மே 28 அன்று ஒப்பந்தம் ஆனது. ஷ்டிகல்மையர் 1844இல் இறந்தார். சுமை முழுக்க மில்லர் தோளுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று தலை வார்க்கப்பட்டது. அதற்கு உருக்கியது துருக்கிப் பீரங்கிகள். 1827இல் நவாரினோ கடற்போரில் ஒட்டோமான், எகிப்தியக் கப்பல்களோடு மூழ்கியவை. பின்னாளில் கிரேக்க மன்னரான ஓட்டோ நம்ம லுட்விக் ராஜாவின் மகன். அவர் காலத்தில் கடலிலிருந்து எடுத்து விற்றார்கள். பீரங்கி வெண்கலம் என்றால் சுமார் பத்தில் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வார்ப்புக்கு அருமையான சரக்கு.

தலையைக் குழியிலிருந்து தூக்கியபோது ராஜா நேரில் வந்திருந்தாராம். உள்ளேயிருந்து தொழிலாளிகள் ஒவ்வொருவராக வெளியே வர, இன்னும் எத்தனை பேர் என்று எல்லோரும் வாய் பிளந்து நின்றதாகச் சொல்வார்கள்.

1845 தொடக்கத்தில் கைகள். அந்த ஆண்டு அக்டோபர் 11 அன்று மார்புப் பகுதி. இதுதான் மொத்த வேலையின் கண்டம். சுமார் 20 டன் உலோகத்தை ஒரே நேரத்தில் உருக்கி வைத்திருக்க வேண்டும். ஏன் ஒரே நேரம்? பாதி ஊற்றி நிறுத்திவிட்டு மறுபடி ஊற்றினால் இரண்டும் ஒட்டாது, அந்த இடத்தில் தழும்பு மாதிரி ஒரு கோடு விழும், பின்னால் விரிசல் விடும். உலையில் உலோகம் முழுக்க இளகுவதற்குள் அடியில் கட்டி தட்ட ஆரம்பித்துவிட்டது. அப்படித் தட்டிவிட்டால் உலையே போச்சு, உள்ளே உறைந்த வெண்கலத்தை வெட்டி எடுக்க உலையை இடித்தாக வேண்டும். மில்லர் ஆட்களை முறை வைத்து நீண்ட இரும்புக் கம்பிகளால் கிளறிக்கொண்டே இருக்கச் சொன்னார். இரவு பகலாகப் பல நாள். கடைசியில் அவர் சோர்ந்து படுத்துவிட்டார். மனைவி அலறி எழுப்பினார்: வார்ப்படச்சாலைக் கூரை பற்றி எரிகிறது!

இப்போது என்ன செய்வீர்கள்? தண்ணீர் ஊற்றலாமா? உருகிய வெண்கலத்தில் ஒரு வாளித் தண்ணீர் விழுந்தால் அத்தனையும் கண நேரத்தில் ஆவியாகி உலோகத்தை நாலா பக்கமும் வாரி இறைக்கும். அங்கே நிற்கிற ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். அதனால் மேலே ஈரத்துணியால் தீயை அமுக்கிக்கொண்டே, கீழே வார்ப்பை நடத்தி முடித்தார்கள். எரிகிற கூரைக்குக் கீழே மடையைத் திறந்துவிட்ட அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது.

கடைசிப் பெரிய துண்டு, கீழ்ப்பகுதி, 1849 டிசம்பர் 1 அன்று வார்க்கப்பட்டது. ஷ்வாந்தாலர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

ஆகவே என் ஓட்டு மில்லருக்கு. வரைந்தவர் யாராக இருந்தாலும், அதை நிற்க வைத்தவர் அவர்தான்.

---

இசார்கரை

நான் மியூனிக்கில் வசிக்கிறேன். பவாரியாவுக்குள் ஏறிப் பார்த்திருக்கிறேன். யாரும் ஏறலாம், ஆனால் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

பீடத்தின் பின்பக்கம் கதவு. முதலில் கல்படி, அப்புறம் குறுகலான இரும்புச் சுழல்படி. வெயில் நாளில் போனால் உள்ளே வெந்துவிடுவோம், சுற்றிலும் வெண்கலம். மேலே தலைக்குள் உட்கார இருக்கைகள் உண்டு. சின்னச் சின்னத் திறப்புகள் வழியாக வெளியே பார்க்கலாம். எதிரே தெரேசியன்வீஸ மைதானம், அக்டோபர் விழா நடக்கிற இடம். 1810இல் இதே லுட்விக் இளவரசராக இருந்து தெரேசியாவைக் கல்யாணம் செய்த கொண்டாட்டத்தில்தான் அந்த விழாவே தொடங்கியது.

பழைய_வார்ப்பர் ஐயா, உங்களுக்குப் பிடிக்கும் ஒரு விஷயம். மேலே ஏறும்போது சுவரைக் கவனித்தால், துண்டுகள் சேரும் இடங்கள் அப்படியே தெரிகின்றன. விளிம்புகள் உள்பக்கமாக மடங்கி, தடித்த திருகாணிகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. வெளியே தோல், துணி மடிப்பு, தலைமுடி என்று ஒழுகி இறங்குவது உள்ளே மேடுபள்ளமான கரடுமுரடு. கையை வைத்தால் வார்ப்பின் சொரசொரப்பு உள்ளங்கையில் உறைக்கிறது.

உள்ளே ஒரு வாசகமும் உண்டு. இந்த இழையின் கேள்விக்கே அது பதில் மாதிரி இருக்கிறது. இந்தப் பெருஞ்சிலையை எழுப்பியவர் பவேரிய மன்னர் முதலாம் லுட்விக், கருத்தில் கண்டு வடித்தவர் லுட்விக் ஃபான் ஷ்வாந்தாலர், 1844 முதல் 1850 வரை வெண்கலத்தில் வார்த்து நிறுத்தியவர் ஃபெர்டினாண்ட் மில்லர் என்பது அதன் பொருள். மூன்று பேருக்கும் தனித்தனி வினை கொடுத்துவிட்டார்கள்.

ஊரும் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது. சிலை நிற்கும் பேட்டைக்குப் பெயர் ஷ்வாந்தாலர்ஹோஹெ, அந்தப் பெயரில் சுரங்க ரயில் நிலையமும் உண்டு. வார்ப்படச்சாலை இருந்த பக்கம் போனால் ஷ்டிகல்மையர் சதுக்கம், ஃபெர்டினாண்ட் மில்லர் சதுக்கம், வார்ப்படச்சாலைத் தெரு எல்லாம் வரும். தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பெயர்களைச் சொல்லித்தான் ரயில் ஏறி இறங்குகிறார்கள்.

---

நூலகப்பூனை

இசார்கரை, அருமையான தகவல். அந்த வாசகத்தில் கிளென்சே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? முதல் யோசனை அவருடையது. ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் நின்ற அதீனா சிலையை மனத்தில் வைத்து, கிரேக்க உடையில் ஒரு பெண்ணை வரைந்தார். சிலைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் தூண்மண்டபமும் (ரூமெஸ்ஹாலெ) அவர் கட்டியதுதான், அது 1853இல் முடிந்தது. சிலையும் மண்டபமும் சேர்ந்தால்தான் அந்த இடம் முழுமையாகிறது.

அடுத்து, நான் கேட்ட போர்வை விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் காலத்துச் சிற்பிகளுக்கு அதுதான் பெரிய சண்டை: பெரிய மனிதரைச் சிலை வைக்கும்போது பழங்கால ரோமானிய ஆடையா, அவர் நிஜமாகவே போட்ட கோட்டா? பெர்லினில் ஷாடோ 1794லேயே தளபதி ட்ஸீட்டனைக் குதிரைப்படைச் சீருடையில், கால் மேல் கால் போட்டு, மோவாயில் கை வைத்து யோசிக்கிற ஆளாகச் செய்துவிட்டார். ரௌக்கின் ஃபிரெடரிக் மன்னர், 1851இல் உன்டர் டென் லிண்டன் சாலையில் திறந்தது, சீருடையும் மூன்றுமுனைத் தொப்பியுமாகத்தான் குதிரையில் இருக்கிறார்.

ரௌக்கின் மாணவர் ரீட்ஷெல் வைமாரில் கதேயையும் ஷில்லரையும் சேர்த்து நிறுத்தினார் (1857). அதற்கு ரௌக் முதலில் போட்ட திட்டத்தில் இருவருக்கும் பழங்கால ஆடை. அதைத் தள்ளிவிட்டு, அவர்கள் காலத்து உடைதான் வேண்டும் என்று நின்றது வேறு யாரும் இல்லை, உங்கள் பவேரிய லுட்விக் ராஜாதான். வேலை ரீட்ஷெலுக்குப் போனது. இரண்டு கவிஞர்களும் சாதாரண நீளக் கோட்டில் நிற்கிறார்கள், கதேயின் கை ஷில்லரின் தோளில். பார்த்தால் மனம் நிறைகிறது. ஷ்வாந்தாலர் இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல், கோட்டைப் போட்டு அதன்மேல் போர்வையையும் சுற்றிவிட்டார். எனக்கு அது தீர்மானம் எடுக்க முடியாத மனதாகத்தான் படுகிறது.

---

பழைய_வார்ப்பர்

ஒரு சின்னச் செருகல். வைமார் கதே-ஷில்லர் சிலையை வார்த்ததும் மியூனிக்கில் நம்ம மில்லர்தான். அதற்கும் நவாரினோ பீரங்கி வெண்கலம் போனது, லுட்விக் கொடுத்தது. கடலடியில் ஒன்றாகக் கிடந்த உலோகம் ஒரு பக்கம் பவாரியாவின் தலையாகவும் இன்னொரு பக்கம் கதேயின் கோட்டாகவும் ஆகியிருக்கிறது.

---

உளிச்சத்தம்

நூலகப்பூனைக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

போர்வை பற்றி. மொஸார்ட் சிலை 1842 செப்டம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. ரௌக்கின் ஃபிரெடரிக் 1851, ரீட்ஷெல் செய்த எழுத்தாளர் லெஸ்ஸிங் சிலை 1853, வைமார் சிலை 1857. வழி தெளிந்த பிறகு வந்தவர்களின் அளவுகோலை முன்னால் போனவர் மேல் வைக்கிறீர்கள். ஷாடோவின் ட்ஸீட்டன் முன்னாலேயே இருந்தாரே என்பீர்கள். தளபதிக்குச் சீருடை எளிது, சீருடைக்கே ஒரு கம்பீரம் உண்டு. இசைக்காரருக்கும் எழுத்தாளருக்கும் வீட்டுக் கோட்டு மட்டும் போட்டுச் சதுக்கத்தில் நிறுத்த அன்றைக்கு யாருக்கும் துணிவு வரவில்லை. முகம் ஒத்துப்போகவில்லை என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். மொஸார்ட் இறந்து ஐம்பது ஆண்டு ஆகியிருந்தது. ஷ்வாந்தாலர் அவரைப் பார்த்ததே இல்லை. ரௌக்குக்கு லூயிஸ் ராணி தினம் கண்ணில் பட்ட முகம்.

மொஸார்ட் சிலை என்றதும் இன்னொன்று. 1841இல் பீடத்துக்குத் தோண்டும்போது கீழே ரோமானியர் காலத்து மொசைக் தரை வந்துவிட்டது. இங்கே மகிழ்ச்சி குடியிருக்கிறது, தீயது எதுவும் உள்ளே வர வேண்டாம் என்ற கருத்தில் லத்தீன் வாசகத்தோடு. அதை எடுத்துப் பாதுகாக்க வேண்டி விழா ஓராண்டு தள்ளிப்போனது. அந்த இடைவெளியில், 1842 மார்ச் 6 அன்று, மொஸார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸே இறந்துவிட்டார். சில மாதம் முன்னால் திறந்திருந்தால் அந்த அம்மா பார்த்திருப்பார். இரண்டு மகன்களும் விழாவுக்கு வந்தார்கள்.

இனி கிளென்சே. அவர் வரைந்ததையும் இன்று நிற்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளென்சேயின் பெண் ஏதென்ஸிலிருந்து நேராக வந்தவள். ஷ்வாந்தாலர் அவளுக்குக் கரடித்தோல் போர்த்தினார். இடது கையில் ஓக் இலை வளையத்தைத் தலை உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வைத்தார். வலது கையில் வாளைக் கொடுத்தார். கூந்தலை விரித்துவிட்டார். இந்த மாற்றங்களில்தான் அது பவாரியா ஆகிறது. அவர் ரோமிலேயே ஊறிப்போன செவ்வியல்காரர் அல்ல. உள்ளுக்குள் பழைய வீரக்கதைகளிலும் கோட்டை கொத்தளங்களிலும் மயங்கிக் கிடந்தவர். இசார் நதிக்கு மேலே புல்லாக் என்ற இடத்தில் ஷ்வானெக் என்று தனக்கே ஒரு சின்னக் கோட்டை கட்டிக்கொண்ட மனிதர்! அந்த மயக்கம்தான் கரடித்தோலாக வந்து உட்கார்ந்தது.

வால்ஹல்லாவிலும் இதைப் பார்க்கலாம். தெற்கு முகப்பில் ஜெர்மானியா நடுவே அமர, மாநிலங்கள் இரு பக்கமும் நிற்கின்றன. அதற்கு அடிப்படை வரைவு ரௌக்கினுடையது, ஒழுங்காக, அமைதியாக இருக்கும். வடக்கு முகப்பு ஷ்வாந்தாலரின் சொந்தக் கற்பனை, பழைய ஜெர்மானியத் தலைவன் ஹெர்மான் ரோமானியரைத் தோற்கடித்த டாய்டோபூர்க் காட்டுப் போர். முக்கோணம் என்பது சிற்பிக்கு வதையான சட்டம். நடுவில் உயரம், ஓரத்துக்குப் போகப் போக இடமே இல்லை. அவர் நடுவில் ஹெர்மானை நிமிர்த்தி, ரோமானியப் பக்கத்தில் ஒவ்வொருவரையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, மூலையில் விழுந்து கிடக்க வைத்தார். கூரைச் சரிவு தோல்வியின் சரிவாக மாறிவிட்டது. இரண்டு முகப்பையும் ஒரே நாளில் பார்த்தவர்கள், ஷ்வாந்தாலருக்குச் சொந்த மூளை இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பட்டறை பற்றிக் கடைசியாக. ரௌக்குக்கும் பட்டறை இருந்தது, தோர்வால்ட்சனுக்கு ரோமில் மிகப் பெரிய பட்டறை இருந்தது. களிமண்ணில் உருவம் காண்பது ஆசான் வேலை. பிளாஸ்டர், புள்ளி வைத்துக் கல்லுக்கு மாற்றுவது, முரட்டு வெட்டு எல்லாம் உதவியாளர் வேலை. அன்றைய நடைமுறை அதுதான். ஷ்வாந்தாலரின் நிலை இன்னும் கடினம். கை ஒத்துழைக்காத மனிதர், வரைந்தும் வாயால் சொல்லியும் பிறர் கை வழியாகச் சிற்பம் செய்தார். தன் மாதிரிகளை அகாடமிக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். அவற்றில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் அழிந்தது. அவர் கை நேரடியாகப் பட்டதில் நமக்கு மிஞ்சியது கொஞ்சமே. அந்தக் கொஞ்சத்தைப் பார்க்காமல், பட்டறைச் சரக்கை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை.

---

இசார்கரை

வியன்னா நீரூற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதையும் வார்த்தது மியூனிக்கில்தான். ஆஸ்திரியாவுக்கு அனுப்பும்போது ஷ்வாந்தாலர் உருவங்களுக்குள் சுருட்டுகளை நிரப்பிச் சுங்கத்துக்குத் தெரியாமல் கடத்தினார், ஆனால் போன இடத்தில் எடுக்க முடியாமல் இன்னும் உள்ளேயே கிடக்கின்றன என்று வியன்னாக்காரர்கள் சொல்வார்கள். ஊர்க்கதைதான், ஆனாலும் அங்கே போனால் இதைச் சொல்லாத வழிகாட்டி இல்லை.

---

நூலகப்பூனை

வடக்கு முகப்பு விஷயத்தில் உளிச்சத்தத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன். வால்ஹல்லாவைப் பற்றி எழுதுகிறவர்கள் உள்ளே இருக்கும் மார்பளவுச் சிலைகளைத்தான் அலசுகிறார்கள், பின்பக்கம் சுற்றிப் போய் அந்த முகப்பைப் பார்ப்பதில்லை.

மொஸார்ட்டில் மாறமாட்டேன். வீட்டுக் கோட்டில் நிறுத்தத் துணிவு வரவில்லை என்றால், அந்தத் துணிவு யாருக்கு முதலில் வந்ததோ அவரைத்தான் பெரிய சிற்பி என்பேன். ரீட்ஷெலின் லெஸ்ஸிங் பிரவுன்ஷ்வைக்கில் போர்வை இல்லாமல் நிற்கிறார், ஒரு குறையும் தெரியவில்லை.

பவாரியா பற்றி ஒன்று கேட்கிறேன். 1848 மார்ச் 20 அன்று லுட்விக் பட்டத்தைத் துறந்தார். லோலா மோண்டெஸ் என்ற நாட்டியக்காரியால் வந்த வினை, அத்தோடு புரட்சி. எட்டு மாதத்தில் ஷ்வாந்தாலரும் போய்விட்டார். அப்புறம் சிலை வேலை எப்படி நின்றுபோகாமல் நடந்தது?

---

பழைய_வார்ப்பர்

அதற்குத்தான் மில்லர் பெயரைச் சொல்கிறேன். புது மன்னர் இரண்டாம் மாக்சிமிலியனுக்கு அப்பாவின் பெருஞ்செலவில் ஆர்வம் இல்லை. லுட்விக் சொந்தக் கையிலிருந்து போட்டார், மில்லர் தன் பணத்தை முன்கூட்டிப் போட்டு வேலையை ஓட்டினார். பாதி வார்த்த சிலை கிடங்கில் கிடந்தால் யாராவது ஒருநாள் அதையும் உருக்கிவிடுவார்கள். அவர் விடவில்லை. 1850 கோடையில் துண்டுகளைக் குதிரை வண்டிகளில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்ட் 7 அன்று தலை ஊர்வலமாகப் போனது. அக்டோபரில் திறப்பு. பட்டம் இழந்த ராஜாவை ஊர் அன்றைக்கு மறுபடியும் வாழ்த்தியது.

பணத்தில் அடி வாங்கினாலும் வேலை தேடி வந்தது. வாஷிங்டன் கேபிட்டல் கட்டடத்தின் கொலம்பஸ் கதவுகள் 1860இல் அவர் வார்த்தவை. சின்சினாட்டியின் டைலர் டேவிட்சன் நீரூற்றும் (1871) அங்கே வார்த்ததுதான். மகன்களில் ஒருவர், ஃபெர்டினாண்ட், சிற்பி ஆனார். இன்னொரு மகன் ஓஸ்கார் ஃபான் மில்லர் மின்சாரப் பொறியாளர், மியூனிக்கின் டாய்ச்சஸ் அருங்காட்சியகத்தை 1903இல் நிறுவியவர். உலைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகள்.

---

செவ்வந்தி

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்ன எரியும் கூரைக் கதையைப் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை.

கட்டுரைக்குத் தலைப்பு முடிவு செய்துவிட்டேன்: சால்ஸ்பூர்க் மொஸார்ட்டும் வைமார் கதே-ஷில்லரும். ஆடை, நிற்கும் விதம், கை என்ன செய்கிறது, இந்த மூன்றையும் ஒப்பிடப் போகிறேன். வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

---

உளிச்சத்தம்

நல்ல தலைப்பு தங்கச்சி. உயரத்தைக் கவனி. நிஜத்தில் ஷில்லர் கதேயைவிட நன்றாகவே உயரம். ரீட்ஷெல் இருவரையும் சம உயரமாக்கிவிட்டார், கதே குறைந்தவராகத் தெரியக் கூடாது என்று. ஆக, கோட்டில் உண்மையைக் காட்டியவரும் வேறொரு இடத்தில் உண்மையைத் திருத்தத்தான் செய்திருக்கிறார். ஷ்வாந்தாலர் போர்வையால் செய்ததையும் ரீட்ஷெல் உயரத்தால் செய்ததையும் பக்கத்தில் வைத்து எழுது. நூலகப்பூனை அதற்கு என்ன சொல்கிறார் என்று நானும் பார்க்கிறேன்.

---

நூலகப்பூனை

உயரத்தைத் திருத்தினால் இரண்டு பேரும் சமம் என்ற ஒரு கருத்து கிடைக்கிறது. போர்வையால் என்ன கருத்து கிடைத்தது என்று செவ்வந்தி எழுதட்டும். அப்புறம் சால்ஸ்பூர்க் பீடத்தின் நான்கு பக்கப் புடைப்புச் சிற்பங்களையும் விட்டுவிடாதே அம்மா, சிலையைவிட அங்கேதான் ஷ்வாந்தாலர் நன்றாக இருக்கிறார் என்பது என் எண்ணம்.